மூன்றாவது ஓலைக்கு முன்

எங்கள் சபையில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். பெயர்தான் ஓலை, இப்போதெல்லாம் அது ஒரு தாள். அறிவிப்புகள் முடிந்ததும் போதகர் அதைக் கையில் எடுப்பார். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, இதற்கு ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம், இது முதலாவது தடவை என்று வாசிப்பார். அடுத்த வாரம் இரண்டாவது, அதற்கடுத்த வாரம் மூன்றாவது. பையனுடைய சபையிலும் அதே நாட்களில் அதே வாசிப்பு நடக்கும். யாரும் எழும்பி எதுவும் சொல்லி நான் பார்த்ததில்லை. அந்த இடத்தில் ஒரு சின்ன அமைதி வரும். பெண்கள் திரும்பி மணப்பெண்ணின் சேலையைப் பார்ப்பார்கள். பின்வரிசையில் யாராவது இருமுவார்கள். பாட்டு தொடங்கிவிடும்.

என் மகளுக்கு முதல் ஓலை வாசித்த அன்று நானும் அந்த அமைதியில் என் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவளின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எனக்கு ஏதாவது தெரிந்திருக்குமா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து சமையலில் இறங்கினோம். அவள் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் இறைச்சி கழுவிக்கொண்டிருந்தேன்.

“அம்மா, ஆட்சேபணை உண்டான்னு கேட்டாவல்லியா, அது எங்ககிட்டயும் சேத்துத்தான் கேக்காவளா?” என்றாள்.

“எங்ககிட்டன்னா?”

“கல்யாணம் கழிக்கப்போற ஆளுவகிட்ட.”

நான் சிரித்துவிட்டேன். “போடீ. அது ஊருகிட்ட கேக்க கேள்வி. பையன் ஏற்கெனவே வேற எங்கயாவது கெட்டினவனா, சொந்தத்துல முறை தப்பி வருதான்னு விசாரிக்க வேண்டிக் கேக்கது. பொண்ணே எழும்பி நின்னு எனக்கு ஆட்சேபணை உண்டும்னு சொன்னா எப்படி இருக்கும்?”

அவளும் சிரித்தாள். பூண்டுத் தோலை ஊதித் தள்ளினாள். அன்று மாலை மஸ்கட்டில் இருக்கும் என் கணவர் அழைத்தபோது இதை ஒரு தமாஷாகச் சொன்னேன். அவரும் சிரித்தார். என் நாத்தனாரிடம் சொன்னேன். அவள் நாலு பேரிடம் சொல்லி, அடுத்த சில நாட்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் என் மகளைப் பார்த்து, “என்ன மக்ளே, ஆட்சேபணை ஏதும் உண்டா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவளும் கூடச் சிரித்தாள்.

நான் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே வரிசை நிற்கும். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பிட்ட பிறகு, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், அடுத்தது யார். இப்படியே பேசிப் பழகிய வாய். வீட்டிலும் அதே வாய்தான். கணவர் வெளிநாட்டில் இருந்ததால் கூரை ஒழுகினாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் முடிவு என்னுடையது. முடிவெடுக்கத் தெரியாமல் நின்றவள் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. ஒரு வீட்டுக்கு வேண்டிய முடிவு எல்லாவற்றையும் நான் ஒருத்தியே எடுத்தேன். அதில் என் மகளுடைய பங்கும் சேர்ந்துவிட்டது.

நாகர்கோவிலில் ஒரு துணிக்கடை. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், கடையில் நெரிசல். அவளுக்கு ஏழெட்டு வயதிருக்கும். இரண்டு கவுன்களை முன்னால் விரித்துப் போட்டார்கள், ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். அவள் இதைத் தொட்டாள், அதைத் தொட்டாள். மறுபடியும் இதைத் தொட்டாள். “நீலத்தை எடு மக்ளே, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று நான் பில் போடக் கொடுத்துவிட்டேன். ஓட்டலில் சப்ளையர் வந்து “பாப்பாவுக்கு என்ன?” என்று அவளைப் பார்த்துக் கேட்பார். “அவளுக்கு நெய் ரோஸ்ட்” என்று நான் சொல்வேன். பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு, எந்த எஞ்சினியரிங் கல்லூரி, படிப்பு முடிந்ததும் எந்த இடத்தில் வங்கித் தேர்வுக்குப் பயிற்சி என்பதெல்லாம் இதேபோலத்தான் நடந்தது. அவள் ஒரு நாளும் முரண்டு பிடித்ததில்லை. சொன்ன சொல் கேட்கிற பிள்ளை என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். சொல்வதற்கு அவளிடம் ஒரு சொல் இருக்கிறதா என்று நின்று பார்த்ததில்லை.

பையன் வீடு அஞ்சுகிராமத்துக்குப் பக்கம். பெங்களூரில் வேலை. அமைதியான பையன், நல்ல குடும்பம். பார்த்துவிட்டுப் போன அன்று அவளிடம் கேட்டேன்.

“என்ன மக்ளே, எப்படி?”

“உங்களுக்குப் பிடிச்சிருக்காம்மா?”

“எனக்குப் பிடிச்சிருக்கு.”

“அப்ப செரி.”

அவ்வளவுதான். பையனின் அம்மா தொலைபேசியில் “பிள்ளைக்குச் சம்மதம்தானே?” என்று கேட்டபோது, “அவளுக்கு என்ன, முழுச் சம்மதம்” என்று சொன்னேன். அது பொய் என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது.

இரண்டாவது ஓலையும் வாசித்தாகிவிட்டது. அந்த வாரம் வியாழக்கிழமை, தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்கி வருகிறேன் என்று காலையில் அவள் நாகர்கோவிலுக்குப் போனாள். ஓலை வாசித்த பெண் தனியாக அலையக் கூடாது என்று என் நாத்தனார் சொன்னாள். நான்தான், பரவாயில்லை, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவாள் என்றேன். வேலை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது கதவு பூட்டியிருந்தது. சாப்பாட்டுப் பாத்திரம் வைத்தபடியே இருந்தது. அவளை அழைத்தேன். போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். தையல்காரரிடம் கேட்டேன். பத்து மணிக்கே வாங்கிப் போய்விட்டாள் என்றார்.

முற்றத்தில் நின்று யாரை அழைப்பது என்று தெரியாமல் போனில் பெயர்களை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தேன். அப்போது எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு அக்கா கூடையுடன் ரோட்டில் போனார். நாகர்கோவில் வடசேரி சந்தைக்குப் போய்விட்டு வருகிறவர்.

“என்னட்டி வெப்ராளம் பிடிச்சு நிக்க?” என்று என் பதற்றத்தைப் பார்த்துக் கேட்டார்.

சொன்னேன்.

“ஒன் மவளா? அவ வடசேரி பஸ் ஸ்டாண்டுல இல்லியா இருக்கா. நான் போவும்போ பாத்தேன், பெஞ்சில இருந்தா. நீ வருவேன்னு காத்திருக்கான்னு நெனச்சேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “திரும்பி வரும்போவும் அங்ஙனதான் இருந்தா மக்கா. அதே பெஞ்சு” என்றார்.

ஆட்டோவில் போகும்போது என் வாயில் ஜெபம்கூட வரவில்லை. “பைய போங்க” என்றும் “சீக்கிரம் போங்க” என்றும் டிரைவரிடம் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தேன் போல. கடைசியில் அவர், “ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா” என்றார்.

அவள் அங்கேதான் இருந்தாள். தக்கலை வழியாகப் போகிற பஸ்கள் நிற்கும் இடத்துக்கு எதிரே, ஜாக்கெட் பொதியை மடியில் வைத்துக்கொண்டு. அழுத முகம் இல்லை. என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவும் இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“என்ன மக்ளே? சுகம் இல்லியா? யாராவது ஏதாவது சொன்னாவளா?”

“இல்லம்மா.”

“பின்ன வீட்டுக்கு வராம?”

கிளம்பிப் போன ஒரு பஸ்ஸைக் கண்ணால் தொடர்ந்தாள். பிறகு சொன்னாள். “பஸ் வருது, போவுது. ஏறணும்னு தோணல்ல. ஏறண்டாம்னும் தோணல்ல. அடுத்ததுல ஏறலாம்னு இருந்தேன். எல்லாமே அடுத்தது ஆயிட்டு.”

“ஒரு சாயா குடிக்கியா?” என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லும் முன்பே எழுந்து கடைக்குப் போய்விட்டேன். இரண்டு டம்ளருடன் திரும்பி வரும்போதுதான் அது எனக்கு உறைத்தது. அந்த நேரத்திலும் நான் காத்திருக்கவில்லை. அவள் வாங்கிக் குடித்தாள். கொடுத்ததை வாங்கித்தானே அவளுக்குப் பழக்கம்.

திரும்பும்போது ஆட்டோவில் நான் சொன்னேன். “நாளைக்கே நான் பாஸ்டரைப் பாத்து இதை நிறுத்தச் சொல்லிடுகேன். நீ ஒண்ணுக்கும் பேடிக்காண்டாம்.”

“நிறுத்தணும்னு நான் சொன்னேனாம்மா?”

“அப்ப நடக்கட்டுமா?”

“அதையும் நான் சொல்லல்லியே.”

“பின்ன ஒனக்கு என்னதான்டீ வேணும்?”

பிள்ளை பிறந்ததிலிருந்து அவளிடம் இந்தக் கேள்வியை நான் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அதையும் அதட்டலாகத்தான் கேட்டேன். ஆட்டோ டிரைவர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டார்.

“தெரியாது” என்றாள். “கொஞ்சம் சும்மா இருங்கம்மா. நான் ஆலோசிச்சுச் சொல்லுகேன். இதையும் நீங்களே முடிவு பண்ணிராதீங்க.”

சும்மா இருப்பது என்றால் என்ன என்று எனக்கு அதற்குமுன் தெரியாது. மறுநாள் வேலைக்குப் போனேன். ஒரு பெரியவருக்கு மாத்திரை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவரையே மறுபடி கூப்பிட்டு மறுபடி சொன்னேன். “நீ மொதல்ல ஒரு மாத்திரை போடு பிள்ளே” என்றார் அவர். வீட்டில் அவள் வழக்கம்போலத் துணி மடித்தாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். கேட்கவா வேண்டாமா என்று அடுக்களைக்கும் அவள் அறைக்கும் நடுவில் நான் எத்தனை தடவை நடந்தேனோ. அவள் என்னத்தைச் சொன்னால் எனக்கு நிம்மதி என்றே எனக்குப் பிடிபடவில்லை. வேண்டாம் என்றால் அந்தக் குடும்பத்தின் முகத்தில் எப்படி விழிப்பது? வேண்டும் என்றால் அந்த பெஞ்சை எப்படி மறப்பது?

கணவர் அழைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

“நீ என்ன செய்யப்போற?”

“நான் ஒண்ணும் செய்யல்ல. அவ சொல்லட்டு.”

“ஒனக்குக் காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணும் இல்லியே?” என்றார்.

அன்று மாலையே பையனின் அம்மாவும் அழைத்தார். “அக்கா, பிள்ளைக்குத் தலைக்குப் பிச்சிப்பூ வேணுமா, மல்லிப்பூ வேணுமா? தோவாளையில சொல்லி வைக்கணும்” என்றார். பிச்சி என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. “அவகிட்ட கேட்டுச் சொல்லுகேன்” என்றேன். “கேளுங்க, கேளுங்க. அவளே சொல்லட்டு. நம்மகிட்ட எல்லாம் யாரு கேட்டா?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு கள்ளமும் இல்லை. நான் போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவளுக்காகச் சும்மா இருக்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயமும் இருந்தது.

சனிக்கிழமை காலை அவள் வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் நின்று பையனிடம் போனில் பேசினாள். அவள் அவனை அழைத்தது அதுதான் முதல் தடவை. அதுவரை அவன் அழைப்பான், இவள் பேசுவாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மரப்பட்டையை நகத்தால் சுரண்டிக்கொண்டே பேசினாள். ஒரு தடவை கண்ணைத் துடைத்தாள். உள்ளே வந்து, “நான் பாஸ்டரைப் பாக்கப் போறேன்” என்றாள்.

“நான் வரட்டா?”

“வாங்க. ஆனா வெளியே நில்லுங்க.”

போதகர் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றேன். ஆலயத்தில் வாலிபர்கள் மறுநாள் ஆராதனைக்குப் பாட்டு பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரு வரியில் யாரோ தொடர்ந்து பிசகிக்கொண்டிருக்க, அந்த ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள். உள்ளே போய் விடலாம், அவள் திணறிக்கொண்டிருப்பாள், நான் போனால் இரண்டே வார்த்தையில் சொல்லிவிடுவேன் என்று மனது சொல்லிக்கொண்டே இருந்தது. கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். இந்தப் பிள்ளைக்காக நான் பட்ட பிரசவ வலிக்குப் பிறகு அந்தக் கையை எடுத்ததுதான் பெரிய பாடு என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“நாளைக்கு வாசிக்க மாட்டாவ” என்றாள்.

“எதுக்குன்னு கேக்கலாமா?”

“கேக்கலாம்.” செருப்பால் மண்ணைத் தள்ளினாள். “அவிய நல்ல ஆளுதாம்மா. ஒரு குறையும் சொல்லதுக்கு இல்ல. எனக்குத்தான்… சம்மதமான்னு கேட்டா உள்ள யாரும் இல்லாத மாதிரி இருக்கு. ஆளில்லாத வீட்டுல போயி அவிய எப்படி இருப்பாவ? அதைத்தான் அவியகிட்டயும் சொன்னேன்.”

“அவன் என்ன சொன்னான்?”

“முன்னயே சொல்லியிருக்கலாம்லான்னு கேட்டாவ. செரிதானே கேட்டது.”

பையனின் அம்மாவிடம் பேசும் வேலை என்னுடையது. அதை மட்டும் மகளிடம் விடவில்லை, விடவும் கூடாது. நான் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. “ஒங்க மவளுக்கு வேற யாரையாவது பிடிச்சிருக்கா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். “அப்ப எதுக்கு அக்கா ரெண்டு ஓலை வாசிக்கிறவரை விட்டீங்க? எங்க சபையிலயும்லா வாசிச்சாச்சு. என் பிள்ளை இனி அங்ஙன போயி எப்படி இருப்பான்?” என்றார். அதன்பிறகு அவரை அழைக்கப் பலமுறை போனை எடுத்திருக்கிறேன். எண் இன்னும் என் போனில் இருக்கிறது.

மறுநாள் ஆலயத்துக்குப் போக வேண்டாம் என்றுதான் எனக்கு இருந்தது. அவள் குளித்துத் தலைபின்னிக் கிளம்பி நின்றாள். போதகர் வேறு ஒரு ஜோடிக்கு ஓலை வாசித்தார். எங்களுடையது வரவில்லை. தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஆராதனை முடிந்து வெளியே செருப்பு போடும்போது, அன்று வடசேரியில் அவளைப் பார்த்த அதே அக்கா, “என்னா, ஒங்க ஓலை விட்டுப்போச்சா? பாஸ்டருக்கு மறதியாயிட்டா?” என்றார்.

வாயைத் திறந்தேன். மகள் முந்திக்கொண்டாள்.

“விட்டுப்போகல்ல அத்தே. நான்தான் வேண்டாம்னு சொன்னேன்.”

“ஏட்டி, அதெப்படி?”

“கேட்டாவல்லியா, ஆட்சேபணை உண்டான்னு.”

அங்கே நின்ற எல்லோருக்கும் கேட்டது. யாரோ என் முதுகுக்குப் பின்னால் “வளத்த லெச்சணம்” என்றார்கள். அவர்கள் நினைத்த அர்த்தத்தில் இல்லாவிட்டாலும், அது சரிதான்.

அதற்குப் பிறகு எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பல மாதம் அவள் ஒன்றும் செய்யாமல் வீட்டில் இருந்தாள். ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தாள், பிடிக்கவில்லை என்று நின்றுவிட்டாள். வங்கித் தேர்வுப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன். சில நாள் கடிக்க முடியாமல் ஏதாவது சொல்லிவிட்டு, அடுக்களைக்குள் போய் என்னையே திட்டிக்கொள்வேன். தெரிந்தவர் ஒருவர் அவளுக்கு இன்னொரு வரன் சொன்னார். “அவகிட்ட கேளுங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்தபிறகு அந்தப் பையனைப் பற்றி இரண்டு பேரிடம் விசாரித்தும் வைத்தேன். பழக்கம் அவ்வளவு லேசில் போகுமா.

ஒரு நாள் அவள் தன் மூக்குக்கண்ணாடியை மாற்ற நாகர்கோவிலில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனாள். வந்ததும், “அம்மா, அங்ஙன ஆளு எடுக்காவ. நான் போறேன்” என்றாள். எஞ்சினியரிங் படித்தவள் கண்ணாடிக் கடையிலா என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன். “எதுக்கு மக்ளே அது?” என்று மட்டும் கேட்டேன். “கண்ணு பாக்கும்போ அங்ஙன கேக்க கேள்வி எனக்குப் பிடிச்சிருக்கு” என்றாள். எனக்கு மனசிலாகவில்லை. இப்போது அங்கே வேலை பார்த்துக்கொண்டே கண் பரிசோதனைக்கான டிப்ளமோ படிக்கிறாள். காலை பஸ்ஸில் அவளே ஏறிப் போகிறாள். நான் அழைத்து அவள் போனை எடுக்காவிட்டால் இன்றும் என் கை கால் குளிர்ந்துவிடும். வேலையில் இருப்பாள் என்று தெரியும், ஆனாலும் குளிரும்.

போன மாதம் மாத்திரைப் பட்டையில் இருக்கும் எழுத்து எனக்கு மங்கலாகத் தெரியத் தொடங்கியது. அவளுடைய கடைக்கே போனேன். நாற்காலியில் உட்காரவைத்து, கனமான ஒரு சட்டத்தை என் மூக்கில் மாட்டினாள். எதிர்ச் சுவரில் எழுத்துகள். ஒரு கண்ணை மூடிவிட்டு, சட்டத்தில் ஒரு வில்லையைச் செருகினாள்.

“முதல்ல உள்ளதா…” வில்லையை மாற்றினாள். “ரெண்டாவது உள்ளதா? எது தெளிவு?”

“ரெண்டும் ஒண்ணுபோல இருக்கு.”

மறுபடி மாற்றினாள். “இதா, இதா?”

“தெரியல்லியே மக்ளே. எது நல்லதுன்னு நீ சொல்லு. ஒனக்குத் தெரியாதா?”

“நான் சொல்லக்கூடாதும்மா. கண்ணு ஒங்களுக்கு உள்ளது.”

வெளியே இரண்டு பேர் பெஞ்சில் காத்திருந்தார்கள். அதில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. அவள் வில்லையைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவசரப்படுத்தவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தத் துணிக்கடையில் நான் இப்படி நின்றிருந்தால், மஞ்சளை எடுத்திருப்பாளோ, நீலத்தையே எடுத்திருப்பாளோ. அதை இனி அவளிடம் கேட்டால்கூட அவளுக்குத் தெரியாது.

“இன்னொருக்கா காட்டு” என்றேன்.

காட்டினாள். இன்னொரு தடவையும் காட்டினாள்.

“ரெண்டாவது” என்றேன்.

அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இரண்டு நாளாக லேசாகத் தலை வலிக்கிறது. தப்பாகச் சொல்லிவிட்டேன் போல. நேற்று அவளிடம் சொன்னேன். “அதுக்கென்னம்மா, இன்னொருக்கா வாங்க, பாத்துக்கிடலாம்” என்றாள். சொல்லிவிட்டு, “எப்ப வாறீங்க?” என்று கேட்டு, நான் நாள் சொல்லும்வரை வாசலில் நின்றாள்.